இரண்டாம் பகுதிக்குப் பின்னால் நின்றவர்கள்

1

மூர்த்தி அண்ணை அந்தத் தாளை எங்கள் மேசையில் விரித்தபோது தேத்தண்ணிக் கோப்பைகளை வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது. அவ்வளவு பெரிய தாள். பெட்டி பெட்டியாகக் கீறி, பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அணியின் பெயரும் அதன் தளபதியின் பெயரும் எழுதியிருந்தார். வன்னியில் நடந்த ஒரு சண்டையின் படை ஒழுங்கு அது. அந்தச் சண்டையின் நினைவாக இங்கே ஒரு மலர் போடுகிறார்கள். நடுப்பக்கத்தில் இந்தப் படம் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை.

"தங்கச்சி, அண்டைக்கு நீர்தானே வோக்கியிலை இருந்தனீர். உம்மை விட்டால் இதைச் சரிபாக்க வேற ஆள் இல்லை" என்றார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இயக்கத்தில் ஒன்பது வருடம் இருந்தவள். பயிற்சியில் சுட்டதைத் தவிர யாரையும் சுட்டதில்லை. கட்டளை மையத்தில் வோக்கி என்று நாங்கள் சொல்லும் தொலைத்தொடர்புக் கருவியின் முன்னால் இருந்து, மேலே சொல்வதைக் கீழேயும் கீழே சொல்வதை மேலேயும் கடத்துவது என் வேலை. இன்றைக்கு டோர்ட்மண்டில் ஒரு வெதுப்பகத்தின் வண்டிகளை அனுப்புகிற அறையில் இருக்கிறேன். இருபத்திரண்டு பாண் வண்டிகள். எந்த வீதி பூட்டியிருக்கிறது, யார் எங்கே திரும்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு செய்தியை ஒரு முறை சொன்னால் போதும் என்று பக்கத்து மேசைக்காரி அடிக்கடி சொல்வாள். நான் இரண்டு முறை சொல்வேன். கேட்டது என்று பதில் வரும்வரை அடுத்த வண்டிக்குப் போகமாட்டேன்.

படத்தைப் பார்த்தேன். மூர்த்தி அண்ணை அக்கறையாகத்தான் செய்திருந்தார். மூன்று கிலோமீற்றர் நீளமான மண் அணை. அதை மூன்றாகப் பிரித்து மூன்று பகுதித் தளபதிகள். கடலேரிப் பக்கம் ஒன்று, நடு இரண்டு, காட்டுப் பக்கம் மூன்று. மோட்டார் எறிகணை அணி நான்கு. மருத்துவ அணி ஐந்து. நாங்கள் வோக்கியில் அணியின் பெயரோ தளபதியின் பெயரோ சொல்வதில்லை, இந்த இலக்கங்களைத்தான் சொல்வோம். எல்லாம் சரி. இரண்டாம் பகுதியின் பெட்டிக்குள் இருந்தது மூர்த்தி அண்ணையின் சொந்தத் தம்பியின் பெயர். அதுவும் சரி.

இரண்டாம் பகுதியிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியது. கோட்டின் முடிவில் ஒரு சின்னப் பெட்டி. "சிறப்புப் பயிற்சி மகளிர் அணி - இரண்டாம் வரிசை."

"அண்ணை, இது பிழை" என்றேன்.

"எது?"

"இந்தப் பெட்டியும் பிழை. கோடும் பிழை."

2

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களைப் பற்றி நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள். சண்டைக்குப் பதினொரு நாட்களுக்கு முன்னர் வீடுகளில் இருந்தும் ரியூசன் வகுப்புக் கொட்டில்களில் இருந்தும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். ஆம், பிடித்துக்கொண்டு வந்தது எங்கள் ஆட்கள்தான். தலைமயிரை வெட்டி, துவக்கைப் பிடிக்கப் பழக்கி, இரண்டாம் பகுதிக்கு முந்நூறு மீற்றர் பின்னால் காப்பரண்களில் இருத்தினார்கள். இயக்கப்பெயர் வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. வீட்டில் வைத்த பெயர்களோடுதான் வந்தார்கள். புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களைத் தளத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பதால் அந்த முப்பத்தெட்டுப் பெயர்களையும் வோக்கியில் வாசித்தவள் நான்.

ஓர் அணி என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவருக்கு ஓர் உதவியாளர், அவருக்குப் பக்கத்தில் ஒரு வோக்கி. மேலே இருந்து ஒரு சொல் விழுந்தால் கடைசிக் காப்பரண்வரை அது போய்ச் சேரும். எங்கள் ஒழுங்கின் பெருமை அதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு வோக்கி கொடுக்கப்படவில்லை, கையில் மிச்சம் இல்லை என்றார்கள். பொறுப்பாளர் என்று ஓர் அக்காவை முதல் நாள் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவவை மூன்றாம் பகுதிக்கு எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. "அவை இரண்டோடை நிக்கினம்" என்று மட்டும் சொல்லப்பட்டது.

சண்டை காலையில் தொடங்கியது. முதல் மணித்தியாலத்துக்குள் இரண்டாம் பகுதித் தளபதி, மூர்த்தி அண்ணையின் தம்பி, எறிகணை விழுந்து இறந்துபோனார். அவருடைய உதவியாளருக்குக் காயம். வோக்கி ஒரு புதுப் போராளியின் கைக்கு மாறியது. மத்தியானத்துக்குப் பிறகு கடலேரிப் பக்கம் உடைந்தது. பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்தது. ஒன்றுக்குச் சொன்னேன். கேட்டது என்றார்கள். மூன்றுக்குச் சொன்னேன். கேட்டது என்றார்கள். இரண்டைக் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. மூன்றாம் முறை ஒரு குரல் "விளங்கீட்டுது, நாங்கள் மூண்டாலை வாறம்" என்றது. மூன்றாம் பகுதிக்கு ஊடாக, காட்டுப் பக்கத்தால் வருகிறார்கள் என்று அர்த்தம். பிறகு அதுவும் இல்லை.

எனக்குப் பின்னால் களத் தளபதி நின்றார். திரும்பிக் கேட்டேன்.

"அண்ணை, இரண்டுக்குப் பின்னாலை நிக்கிற பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

"அவை இரண்டோடைதானே. இரண்டு சொல்லும்."

"இரண்டு மூண்டாலை போகுது அண்ணை. பின்னுக்குப் போகேல்லை."

"இரண்டு சொல்லும்" என்றார் திரும்பவும். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து நாங்களும் வெளிக்கிட்டோம்.

அந்தப் பிள்ளைகள் பின்வாங்கும் கட்டளையைக் கேட்கவே இல்லை. முன்னால் நின்றவர்கள் போனதும் அவர்களுக்குத் தெரியாது. பின்னேரம் ஏழு பேர் காட்டால் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

3

"பிடிச்ச கதை எல்லாம் மலருக்கு எதுக்கு?" என்றார் மூர்த்தி அண்ணை. குரல் உயரவில்லை. அவர் உரத்துப் பேசுகிறவர் இல்லை. "எங்களை நாங்களே கேவலப்படுத்திறதோ? அப்பிடி எழுத வேற ஆக்கள் இருக்கினம். எங்கட பக்கத்தை ஆர் எழுதுறது?"

"அந்தப் பிள்ளையள் எந்தப் பக்கம் அண்ணை?"

அவர் விரலைத் தம்பியின் பெயர் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட தம்பியிலை பிழை இல்லை" என்றேன். "அவர் காலமையே இல்லாமல் போட்டார். ஆனா இந்தக் கோட்டைப் பாக்கிறவை என்ன நினைப்பினம்? மேலை இருந்து சொன்னது, கீழை கேட்டது, கேட்டு நிண்டு சண்டை பிடிச்சுச் செத்தவை எண்டுதானே? அப்பிடி நடக்கேல்லை. இந்தக் கோடு இருந்திருந்தா அதுகள் வந்திருக்குங்கள்."

"அப்ப கோட்டை எடுத்துவிடுறன்."

"பெட்டியிலை 'பிடிச்சுக்கொண்டு வந்த பிள்ளையள்' எண்டு எழுதுங்கோ."

"அது ஏலாது."

"அப்ப நான் சரிபாத்தனான் எண்டு எங்கையும் போடாதேங்கோ."

தாளை மடித்தார். பெரிய தாள் என்பதால் மடிக்க நேரம் எடுத்தது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. என் கணவர் உதவிக்கு எழுந்தார், அண்ணை வேண்டாம் என்று தலையாட்டினார். தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கணவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீர் ஏன் இப்ப இதைக் கிளறுறீர்? அன்ராக் அங்கை நிக்குது. அடுத்த கிழமை டெர்மீன்."

4

அன்ராக் என்றால் விண்ணப்பம். இந்த நாட்டில் மூச்சு விடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் ஓர் அன்ராக் உண்டு. இது என் குடியுரிமைக்கானது. கணவருக்கும் மகளுக்கும் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. காரணம் ஒரு சொல்.

வந்த புதிதில் தஞ்ச விசாரணையில் என்னிடம் "என்ன பதவி?" என்று கேட்டார்கள். "தொலைத்தொடர்புப் பொறுப்பாளர்" என்றேன். மொழிபெயர்த்தவர் சென்னையில் படித்துவிட்டு வந்த பொடியன். நல்லவன்தான். அவனுக்கு எங்கள் பேச்சு பாதி விளங்கவில்லை. "பொறுப்பாளர்" என்பதை "கொமாண்டோரின்" என்று சொல்லிவிட்டான். பெண் தளபதி. எனக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. வாசித்துக் காட்டியபோது தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து ஜெர்மன் அரசாங்கத்தின் கோப்பில் நான் ஒரு தளபதி. மூன்று பேர் இருந்த ஒரு பங்கருக்குப் பொறுப்பாக இருந்தவள், படை நடத்தியவளாகப் போனேன். தங்கியிருக்க அனுமதி தந்தார்கள். குடியுரிமை என்று வரும்போதெல்லாம் அந்தச் சொல் எழுந்து நின்றது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்று கணவர் படித்துப் படித்துச் சொன்னார். "நான் தளபதி இல்லை, மொழிபெயர்ப்புப் பிழை. அவ்வளவுதான். பிள்ளையளைப் பிடிச்ச கதையைச் சொன்னீரெண்டால் அவை உம்மையும் சேத்துத்தான் பாப்பினம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இயக்கத்தில் வாய் திறக்கக்கூடாது. முகாமில் வாய் திறக்கக்கூடாது. இங்கே வந்தால் ஊர்ச்சனத்துக்கு முன்னால் திறக்கக்கூடாது, வெள்ளைக்காரருக்கு முன்னாலும் திறக்கக்கூடாது. என்னைச் சும்மா இரு என்று சொல்லாதவர்கள் இந்தப் பூமியில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் ஞாபகம் வரவில்லை.

5

டெர்மீனுக்கு, அலுவலகம் நாள் குறித்துக் கூப்பிட்ட அந்தச் சந்திப்புக்கு, மகள் மிதுலாவும் வந்தாள். வயது பதினான்கு. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். எனக்கு ஜெர்மன் பேச வரும், ஆனால் அரசாங்கக் கடிதத்து ஜெர்மனுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒரு சொல் தடக்கினால் நான் சொல்லுறன்" என்றாள். அதை ஜெர்மனில்தான் சொன்னாள். அவளுடைய தமிழ் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் போதுமானது. இந்த விஷயங்களுக்கு அவளிடம் தமிழும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

அலுவலர் ஒரு நடுவயதுப் பெண். கோப்பைத் திறந்து, "நீங்கள் ஒரு சண்டையில் தளபதியாக இருந்தீர்கள் என்று இங்கே இருக்கிறது" என்றாள்.

"அது பிழை" என்றேன்.

"அப்படியென்றால் உங்கள் இடம் எது? கட்டமைப்பை விளக்க முடியுமா?"

வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். மேலே களத் தளபதிக்கு ஒரு பெட்டி போட்டேன். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, அது நான். கீழே ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் நான்கும் ஐந்தும். எல்லாவற்றுக்கும் கோடு இழுத்தேன். கோடுகள் எல்லாம் என் புள்ளிக்கு ஊடாகப் போயின. அவ்வளவோடு பேனையை வைத்திருக்கலாம். கணவர் சொன்னதும் அதுதான்.

இரண்டாம் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி போட்டேன். அதற்குக் கோடு இழுக்கவில்லை.

"இது என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். பிடித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். மயிர் வெட்டியதைச் சொன்னேன். "கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள்" என்பதற்கு எனக்குச் சொல் வரவில்லை. மிதுலாவைப் பார்த்தேன். அவளுக்கும் உடனே வரவில்லை. பிறகு மெல்ல, "ஸ்வாங்ஸ்ரெக்ரூட்டியர்ட்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.

"இவர்களுக்கு யார் தளபதி?" அலுவலர் கேட்டாள்.

"நீமாண்ட்" என்றேன். ஒருவரும் இல்லை.

"யாராவது இருந்திருக்க வேண்டுமே."

"இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு அதையும் நான் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். "இதைச் சொல்வது உங்கள் விண்ணப்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது" என்றாள்.

"நான் அதைக் கேக்கேல்லை" என்றேன். தமிழில் வந்துவிட்டது. மிதுலா மொழிபெயர்த்தாள்.

வெளியே வந்து டிராமுக்கு நின்றபோது அவள் கேட்டாள், தமிழில்: "அம்மா, அவைக்கு எத்தினை வயசு?"

"பதினாறு, பதினேழு. ஒராளுக்குப் பதினைஞ்சு."

அவள் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். டிராம் வந்தது. ஏறினோம். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

6

மலர் வெளியீடு ஒரு சனிக்கிழமை பகல். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கணவர் வரவில்லை. "போகாதேயும் எண்டு சொன்னாலும் போவீர்" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் மலரை வாங்கி நடுப்பக்கத்தைத் திறந்தேன். பெட்டி அப்படியே இருந்தது. "சிறப்புப் பயிற்சி மகளிர் அணி." கோடும் இருந்தது. அச்சில் இன்னும் தடிப்பாக இருந்தது.

பேச்சுகள் முடிந்து, சபையில் யாரும் கருத்துச் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார்கள். சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார்கள். எழுந்து முன்னால் போனேன். மேடையில் இருந்த மூர்த்தி அண்ணை என்னைக் கண்டதும் எழுந்தார், பிறகு இருந்துவிட்டார். ஒலிவாங்கியைப் பறிக்கச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"நடுப்பக்கத்திலை இரண்டாம் பகுதிக்குக் கீழை ஒரு கோடு இருக்குது. அண்டைக்கு வோக்கியிலை இருந்தது நான். அந்தக் கோடு இருக்கேல்லை" என்றேன். பெட்டிக்குள் இருந்தவர்கள் எப்படி வந்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை என்று சொன்னேன். பெயர்கள் எழுதிய கொப்பியை முள்ளுக்காட்டில் புதைத்துவிட்டு வந்தவள் நான். முப்பத்தெட்டில் பதினொரு பெயர்தான் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் சொன்னேன். வீட்டில் வைத்த பெயர்கள்.

ஐந்தாவது பெயரில் பின்வரிசையில் இருந்து ஒருவர் "காணும், இறங்குங்கோ" என்றார். இன்னொருவர் "துரோகி" என்றார். மிச்சம் ஆறையும் முன்னதைவிட உரத்துச் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. நான் அதற்குப் போகவும் இல்லை.

மண்டபத்துக்கு வெளியே வந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பின்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வேறு நகரத்தில் இருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னாள்.

"நீங்கள் சொன்ன பதினொண்டிலை என்ர தங்கச்சி இல்லை" என்றாள். "ஆனா அவளும் அதிலைதான் நிண்டவள். ரியூசனுக்குப் போன இடத்திலை பிடிச்சது. தப்பி வந்த பிள்ளை ஒண்டு பிறகு அம்மாட்டைச் சொன்னது. இவ்வளவு காலமும் வீரச்சாவு எண்டுதான் எங்களுக்குச் சொன்னவை. கட்டளை போகேல்லை எண்டு இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"ஓம். போகேல்லை."

"நீங்கள்தானே வோக்கியிலை இருந்தது?"

"ஓம்."

"அவையளுக்குக் கிட்ட வேற ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

எத்தனையோ வருடமாக என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. மூர்த்தி அண்ணை கேட்கவில்லை. அந்த அலுவலர் கேட்கவில்லை. நானும் என்னை அந்த இடம் வரைக்கும் போகவிட்டதில்லை.

"மருத்துவ அணி இருந்தது, ஐந்தாம் இலக்கம்" என்றேன். "இருநூறு மீற்றர்கூட இல்லை. அவையிட்டை வோக்கி இருந்தது."

"அவையிட்டைச் சொல்லி ஒராளை அனுப்பியிருக்கலாம்தானே?"

கட்டளை இல்லாமல் ஓர் அணியைக் கூப்பிடுவது எங்களுக்குத் தடை. அதைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அந்தத் தடையை மீறியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அதிகம் போனால் சமையல் கூடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

"ஓம்" என்றேன். "அனுப்பியிருக்கலாம். நான் கூப்பிடேல்லை."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவள் கைப்பையைத் திறந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளுக்கை அவ்வளவு பேருக்கு முன்னாலை கோடு இல்லை எண்டு சொன்னனீங்கள்" என்றாள். "இதையும் சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன்."

"எழுதுங்கோ. தங்கச்சியின்ர பேர் சுகந்தி. அதையும் எழுதுங்கோ."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவளுடைய சொந்தப் பெயரை நான் கேட்கவில்லை.

குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. மூர்த்தி அண்ணை தெருவில் கண்டால் மற்றப் பக்கம் கடக்கிறார். என் பெயரைப் போட்டு இதை வெளியிட வேண்டாம் என்று கணவர் இன்று காலையும் சொன்னார். பெயரைப் போட்டுத்தான் அனுப்புகிறேன். அன்று பின்னேரம் இரண்டாம் பகுதிக்குப் பின்னால் சுகந்தி நின்றாள். ஐந்தாம் இலக்கம் அவளுக்குக் கிட்ட இருந்தது. வோக்கி என் கையில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.